அணுக்கள் பந்தியில் உட்காரும் நேரம்

ஜூன் 3, திங்கள்

தினமும் சர்க்கரை அளவைக் குறித்து வைக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் ஒழுங்காகக் குறித்தேன். இரண்டாம் பக்கத்தில் வந்த எண் எனக்கே பிடிக்கவில்லை. ஆகவே இனிமேல் மற்றவர்களைப் பற்றி எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். அடுத்தவர் விஷயம் எவ்வளவு இனிப்பானாலும் ரத்தத்தில் ஏறாது.

பிற்காலத்தில் பழைய பேப்பர்காரர் யாராவது புரட்டிப் பார்த்தால் தெரிந்துகொள்ளட்டும்: என் பெயர் லோகநாயகி. வயது ஐம்பத்திரண்டு. கோயமுத்தூருக்கு வெளியே ஒரு உலோகக் கம்பெனியில் காந்தச் சோதனை அறை என் பொறுப்பு. இரும்புத் துண்டைக் கருவிக்குள் வைத்து, அது எத்தனை சுலபமாகக் காந்தமாகிறது, எத்தனை சுலபமாக அதை மறக்கிறது என்று பார்க்க வேண்டும். சீக்கிரம் மறக்கிற இரும்புதான் மோட்டாருக்கு நல்லது. மனிதருக்கும் அதுவே நல்லது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறார். தினமும் போய்வர முடியாத தூரம் என்பதால் அங்கேயே தங்கிவிடுகிறார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

ஜூன் 4, செவ்வாய்

நாளை முதல் தகடு. இவ்வளவு காலம் பம்பு மோட்டாருக்குத் தகடு அடித்து நிம்மதியாக இருந்த முதலாளி சென்னியப்பனுக்கு விமான மோட்டார் ஆசை வந்துவிட்டது. பாதி இரும்பு, பாதி கோபால்ட், மேலே ஒரு சிட்டிகை வெனடியம். இந்தக் கலவையைவிட அதிகமாகக் காந்தத்தைத் தாங்குகிற பொருள் கடையில் கிடைக்காதாம்.

இதற்கென்றே டாக்டர் ஜெபமணியை நாகர்கோயில் பக்கத்திலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, உலோக டாக்டர். மெலிந்த ஆள், முழுக்கைச் சட்டை, சத்தமே இல்லாத பேச்சு. போன வாரம்தான் பையனை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தகடு நன்றாக வந்தால் ஆகும்.

ஜூன் 5, புதன்

முதல் தகடு உடைந்தது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். காலையில் முதலாளியின் அக்கா தெய்வானை, காரில் பூஜைச் சாமானோடு வந்து இறங்கினார். கம்பெனியில் எந்த நல்ல காரியமும் அவர் சொல்படிதான். உலைக்கு மாலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பொட்டு, உருட்டும் மெஷினுக்கு எலுமிச்சம்பழம். ஆரத்தியைச் சுமங்கலி எடுக்க வேண்டும் என்றார். அவர் வீட்டுக்காரர் இல்லாதவர்; அவரை விட்டால் ஷெட்டில் இருந்த ஒரே பெண் நான்தான். கற்பூரத் தட்டு என் கைக்கு வந்தது.

உலைக்காரர் ஆறுக்குட்டி பெரிய இடுக்கியால் தகட்டை வெளியே இழுத்தார். கையகலம், இரண்டு ரூபாய்க் காசுக் கனம், ஆள் நீளம். செம்பருத்தி மாதிரிப் பிரகாசம். "சித்த நிறுத்துப்பா" என்றார் தெய்வானையக்கா. நான் மூன்று சுற்று சுற்றினேன். முதலாளி கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லோரும் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு தகட்டை ஐஸும் உப்பும் போட்ட தொட்டியில் இறக்கினார்கள். சுர்ரென்றது. கைதட்டினோம்.

சாயங்காலம், இரண்டு உருளைக்கு நடுவில் நசுக்கி மெல்லிசாக்குவதற்காக, உருட்டும் மெஷினில் விட்டார்கள். முதல் சுற்றிலேயே அப்பளம்.

ஜூன் 6, வியாழன்

டீ நேரத்தில் ஜெபமணி சார் எனக்கு விளக்கினார். நான் கேட்காமலே விளக்குகிற நல்ல குணம் அவருக்கு உண்டு.

"மேடம், நல்ல சூட்டுல இரும்பணுவும் கோபால்ட் அணுவும் டவுன் பஸ்ல ஏறுன மாதிரி. யாரு பக்கத்துல யாருன்னு கணக்கே கெடையாது. அப்படி இருந்தாத்தான் தகடு வளையும். சூடு எழுநூத்து முப்பதுக்குக் கீழ வந்திச்சோ, கல்யாணப் பந்தி மாதிரி ஒழுங்கா உக்காருவாவ. ஒரு இரும்பு, ஒரு கோபால்ட், ஒரு இரும்பு, ஒரு கோபால்ட். உக்காந்துட்டா எழும்ப மாட்டாவ. அடிச்சா ஒடையும்."

"அப்ப உக்கார விடக்கூடாதுங்களா?"

"அதுக்குத்தான் ஐஸ் தண்ணி. இலையப் போடுகதுக்கு முன்னால கரண்ட்ட ஆஃப் பண்ணுன மாதிரி. நின்ன எடத்துல அப்படியே நிப்பாவ."

"வெனடியம் எதுக்குங்க?"

"பந்தியில எடம் தேடவிடாம கொஞ்சம் தாமசிக்க வைக்கும். கொஞ்சந்தான். அதுக்காக அதை வாரிப் போட்டுரவும் கூடாது. போட்டா காமான்னு வேற ஒரு அமைப்பு உள்ள வந்து ஒண்டிக்கும். அதுல காந்தமே கெடையாது."

அழைக்காமல் வந்து தங்கிவிடுகிற ஒறம்பரை எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

ஜூன் 13, வியாழன்

ஜெபமணி சார் அதே உலோகத்தில் சின்னச் சின்னத் துண்டு வெட்டி, என் அறையில் உள்ள சின்ன உலையில் சூடாக்கி, ஐஸில் போட்டார். இடுக்கியில் பிடித்து மடக்கினார். வெற்றிலை மாதிரி மடங்கியது. ஒன்றில்லை, எல்லாத் துண்டும்.

அதே உலோகம், அதே எண்ணூற்றைம்பது டிகிரி, அதே ஐஸ். பெரிய உலையில் மட்டும் என்ன கேடு? பெரிய உலையின் சூடு ஒரே சீராக இல்லையோ என்று சூடு பார்க்கும் கம்பியை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். அடுத்த தகட்டுக்கு உலோகம் உருக்கியாகிவிட்டது.

சர்க்கரை: எழுதுவதற்கில்லை. கேண்டீனில் பால்கோவா.

ஜூன் 19, புதன்

இரண்டாவது தகடும் உடைந்தது.

இந்த முறை பூஜை இன்னும் விஸ்தாரம். முதல் தடவை ஏதோ குறை என்று தெய்வானையக்கா பூசணிக்காய் சேர்த்திருந்தார். தகட்டைத் தூக்கி நிறுத்தி, ஆரத்தி எடுத்து, முதலாளி பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

உடைந்ததும் முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஜெபமணி சாரைப் பார்த்துச் சொன்னார்: "டாக்டர், ஆடி பொறக்கறதுக்குள்ள இன்னொன்னு பாருங்க. அதுவும் போச்சுன்னா நமக்குப் பம்பு மோட்டாரே போதுமுங்க. இந்த ஷெட்ட குடோனுக்கு வாடகைக்கு விட்டர்றேன். நீங்களும் உங்க ஊரு பக்கமே நல்ல வேலையாப் பாத்துக்கங்க."

ஜெபமணி சார் "சரி சார்" என்றார். பிறகு நான் கழுவி எடுத்து வந்த ஆரத்தித் தட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

ஜூன் 20, வியாழன்

ஷெட் மூடினால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அனுப்புதல் பிரிவில் போட்டுவிடுவார்கள். லாரி நம்பர் எழுதலாம். காற்றோட்டமான இடம்.

ஆறுக்குட்டி கேண்டீனில் பேசியது பாத்திரம் கழுவுகிற இடம்வரை கேட்டது. நான் அங்கேதான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு தடவையும் தட்டு எடுத்த கை ஒரே கைதானப்பா? கைராசின்னு ஒண்ணு இருக்குதுல்ல? நாஞ் சொல்லல, ஊரு சொல்லுது."

ஊர் சொல்லவில்லை. அவர்தான் சொல்லுகிறார். யார் வீட்டு விஷயமும் எனக்குத் தெரியாமல் இந்தக் கம்பெனியில் நகராது. ஆறுக்குட்டி மச்சினனோடு எந்த வரப்புக்குச் சண்டை போடுகிறார் என்பதுவரை தெரியும். அப்படிப்பட்ட என்னைப் பற்றி நாலு பேர் பேசுவது புது அனுபவம். அவ்வளவு சுவாரசியமாக இல்லை.

ஜூன் 21, வெள்ளி

தலைவலி. லீவு போட்டு மெத்தை உறை துவைத்தேன்.

ஜூன் 24, திங்கள்

உடைந்த துண்டை எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்க்கலாமே என்றேன். அதில் அணுக்களின் வரிசை தெரியுமே. ஜெபமணி சார் சிரித்தார். சோகமான சிரிப்பு.

"இரும்பும் கோபால்ட்டும் எக்ஸ்ரே கண்ணுக்கு ரெட்டப் பிள்ளைய மாதிரி மேடம். எடம் மாறி உக்காந்தாலும் ஒரே மொகந்தான் தெரியும். பந்தி உக்காந்திட்டாவளா இல்லியான்னு அதை வச்சு நிரூபிக்க முடியாது."

"அப்ப உங்களுக்கு என்னன்னுதான் தோணுது?"

"சூடு ஒருச்சீரா இல்லாம இருக்கலாம்." இதைச் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்க்க எதுவும் இல்லை, சைக்கிள் ஸ்டாண்ட்.

ஜூன் 26, புதன்

தெய்வானையக்கா வாட்ஸப்பில் பூஜை வீடியோ அனுப்பினார். இரண்டாவது தகட்டின் வீடியோ. யாருக்கோ அனுப்ப நினைத்து எனக்கு வந்திருக்கும். ஆரத்தி எடுக்கும்போது நான் எவ்வளவு குண்டாகத் தெரிகிறேன் என்று பார்ப்பதற்காகத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். குண்டாகத்தான் தெரிகிறேன். ஆனால் மூன்றாம் முறை பார்த்தபோது என்னை விட்டுவிட்டுத் தகட்டைப் பார்த்தேன்.

உலையிலிருந்து வரும்போது செம்பருத்தி. என் முதல் சுற்றில் தக்காளி. மூன்றாவது சுற்றில் காய்ந்த மிளகாய். முதலாளி போட்டோவுக்குச் சிரிக்கும்போது, நல்ல பழைய கருப்பட்டி.

கருப்பட்டி நிறத்துக்குப் பிறகுதான் ஐஸில் போட்டிருக்கிறோம். அதற்குள் பந்தி உட்கார்ந்து, சாப்பிட்டு, கை கழுவி, மொய்யும் எழுதி முடித்திருக்கும். வெளியே எடுத்ததும் உடனே தண்ணீரில் போட வேண்டும் என்று ஜெபமணி சார் கொட்டை எழுத்தில் எழுதி உலைக்கு மேலே ஒட்டித்தான் இருக்கிறார். ஆறுக்குட்டியும் உடனேதான் போட்டார், பூஜை முடிந்த உடனே. பூஜை நேரம் எங்கள் ஊரில் நேரக்கணக்கில் சேராது.

போனை எடுத்துக்கொண்டு நேரே அவர் மேசைக்குப் போனேன். வீடியோவைக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

"தெரியும் மேடம்."

"எப்பத்திலிருந்துங்க?"

"மொத நாள்லயிருந்தே."

"அப்பறம் ஏனுங்க சார் வாயத் தொறக்கல? வேலை போகப் போகுது, பையன இப்பத்தான் ஸ்கூல்ல போட்டிருக்கீங்க!"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலை இன்னும் இறக்கினார். "நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிரும்லா? சர்ச்சுக்குப் போற வேதக்காரன் வந்தான், வந்த ஒடனே பூசைய நிறுத்தச் சொல்லுதான்னு ஆயிரும். அந்தம்மா எவ்வளவு ஆசையா செய்யுதாவ. என் பேரு ஜெபமணி மேடம். முருகேசன்னு இருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன்."

வீடியோவை வேறு யாருக்கும் காட்டாமல் என் அறைக்கு வந்துவிட்டேன். இந்த டைரியில் அப்படி நடப்பது இதுவே முதல் முறை.

ஜூன் 27, வியாழன்

நானே முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று கதவுவரை போனேன். ஆரத்தி வேண்டாம் என்று ஆரத்தி எடுத்தவளே சொன்னால்? "பாத்தீங்களா, அவுங்களே ஒத்துக்கிட்டாங்க" என்பார் ஆறுக்குட்டி. திரும்பி வந்துவிட்டேன். வரும்போது முதலாளியின் டிரைவர், "என்னுங்க அக்கா, லோனுங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

தெய்வானையக்கா வீட்டுக்குப் போனேன். முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகனுக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது. மருமகள் நிவேதா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு கேட்டேன்: "அக்கா, ஒரு சந்தேகமுங். கோயில்ல அபிஷேகம் மொதல்லயா, தீபாராதனை மொதல்லயா?"

"இதென்ன கேள்வி அம்மிணி? தண்ணி ஊத்தி, அலங்காரம் பண்ணி, பொறவுதான தீவாரணை?"

"நம்ம ஷெட்டுல எப்படிப் பண்ணுனமுங்க?"

அக்காவின் கை முறுக்கு அச்சோடு நின்றது. எண்ணெய் புகைந்தது.

"அட முருகா!" என்றார். "குளிப்பாட்டாத சாமிக்கா கற்பூரம் காட்டிப்போட்டோம்? அதுவும் ரெண்டு தடவ! என்ற தம்பிகிட்ட யாரும் சொல்லலயா?"

"எனக்கே நேத்துத்தான் தோணுச்சுங்க. உலைக்குள்ள இருக்கறவரைக்கும் கருவறை. கதவத் தொறந்தா நேரா அபிஷேகந்தான், எடையில எதுவும் கூடாது. தொட்டியில எறக்கி, எடுத்து, தொடச்சு, அப்பறம் நிதானமாத் தீவாரணை. போட்டோ வேணுங்கற அளவுக்கு எடுத்துக்கலாம்."

"இப்பவே போன் போடறேன்" என்று எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். "இந்தத் தடவ தட்டு நிவேதா எடுக்கட்டும் அம்மிணி. கண்டவனெல்லாம் கண்டதப் பேசறான். மறுக்கா என்னமோ ஆச்சுன்னா உன்ற பேருதான் கெடும்."

"அதுக்கென்னங்க" என்றேன்.

அப்போது திருப்பூரில் என் வீட்டுக்காரருக்கு இருக்கிற இன்னொரு வீட்டைப் பற்றியும் ஒரு விஷயம் சொன்னார். "எனக்குப் பத்து வருசமாத் தெரியும். உனக்கு முன்னாலயே தெரியும்" என்றார். இங்கே எழுதுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. தெரிந்தே அவர் இரண்டு தடவை தட்டை என் கையில் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

முறுக்கு நன்றாக இருந்தது. வெண்ணெய் சற்றுத் தூக்கல்.

ஜூலை 10, புதன்

மூன்றாவது தகடு.

அபிஷேகம் என்று சொன்ன வாய்க்கு வினை வந்தது. தெய்வானையக்கா பால், தயிர், இளநீர், பஞ்சாமிர்தத்தோடு வந்து இறங்கினார். ஜெபமணி சாரின் முகத்தில் ரத்தம் இல்லை. பேச்சுவார்த்தை நடந்தது. பால் தொட்டியில் திரிந்துவிடும், சாமிக்குத் திரிந்த பால் ஆகாது என்று நான் சொன்னேன். பஞ்சாமிர்தத்தை நாங்கள் சாப்பிடுவதாக ஒப்புக்கொண்டோம். கடைசியில் ஒரு கரண்டி மஞ்சள் தண்ணீரில் வந்து நின்றது. "தாராளமா ஊத்துங்கம்மா, மஞ்சள் ஒண்ணும் செய்யாது" என்றார் ஜெபமணி சார். பூஜை விஷயத்தில் அவர் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை. அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கதவு திறந்தது. ஆறுக்குட்டி இழுத்தார். செம்பருத்தி நிறம் மாறுவதற்குள் தொட்டியில் சுர்ரென்றது. பிறகு நிவேதா தட்டைச் சுற்றினாள். நான் தூணோரம் நின்றேன்.

சாயங்காலம் உருட்டினார்கள். உடையவில்லை. மறுபடி. உடையவில்லை. தகடு நீண்டு நீண்டு மெஷினுக்கு அந்தப் பக்கம் சேலை மாதிரி விழுந்தது.

"புதுப்பொண்ணு கைராசி பாத்தீங்களா?" என்றார் ஆறுக்குட்டி, யாரிடமும் குறிப்பாக இல்லாமல், என் பக்கமாக.

ஜூலை 15, திங்கள்

மெல்லிய தகட்டைக் கடைசியாக ஒருமுறை மெதுவாகச் சூடாக்கி ஆறவைத்தார்கள். அப்போதுதான் காந்த குணம் வருமாம். இனி பந்தி உட்கார்ந்தால் பரவாயில்லை. உருட்டுகிற வேலை முடிந்துவிட்டது. என் கருவியில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு சுலபமாகக் காந்தமாகி இவ்வளவு சுலபமாக மறக்கிற தகட்டை இந்த அறையில் பார்த்ததில்லை.

விமானக் கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு நல்லா வந்தா அதிர்ஷ்டம் சார். ரெண்டாவதும் இதே மாதிரி வந்தாத்தான் ஆர்டர்" என்றார். செய்த ஒவ்வொரு படியையும் எழுதித் தரவேண்டும், அடுத்த தகட்டில் ஒன்றும் கூடாமல் குறையாமல் அப்படியே செய்யவேண்டும், அவர்கள் அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம்.

ஜெபமணி சார் எழுதினார். ஒளிவு மறைவில்லாத மனிதர். 'தொட்டியில் மஞ்சள் தண்ணீர், ஒரு கரண்டி' என்றும் எழுதினார். இன்ஜினியர் அதைப் படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்து, கையெழுத்துப் போட்டார்.

முதலாளி சொல்லிவிட்டார்: இன்னொரு தகடு. வந்தால் ஜெபமணிக்கு வேலை நிரந்தரம். வராவிட்டால் குடோன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. புதுமருமகள் நிவேதாவைத் தாய்வீட்டுக்குக் கோபிசெட்டிபாளையம் அனுப்பிவிட்டார்கள். கூடவே தெய்வானையக்காவும் போயிருக்கிறார். விமானக் கம்பெனி ஆவணிவரை காத்திருக்காதாம். நான்காவது தகட்டுக்கு அடுத்த புதன் குறித்திருக்கிறார்கள். முதலாளிக்கு அன்றைக்கு பெங்களூரில் மீட்டிங்.

"கைராசிக்காரி ஊருல இல்ல. யாருங்க எடுக்கறது?" என்கிறார் ஆறுக்குட்டி. அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எழுதியதை எழுதியபடி செய்தாக வேண்டும்.

ஜூலை 24, புதன்

நான்காவது தகடு.

காலையில் ஷெட்டில் வழக்கத்துக்கு மேல் கூட்டம். வேலை இல்லாதவர்களும் வேலை இருப்பதுபோல் நின்றார்கள். உலை தயார். தொட்டியில் ஐஸ், உப்பு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜெபமணி சாரைப் பார்த்தேன்.

அவர் முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டார். மஞ்சள் டப்பாவை எடுத்தார். டம்ளர் தண்ணீரில் கரைத்தார்.

"மேடம், ஒரு கரண்டியா ரெண்டா?"

"ஒண்ணுதானுங்க எழுதியிருக்கீங்க."

அளந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் தொட்டியில் ஊற்றினார். நாகர்கோயிலில் அவர் அம்மா பார்த்தால் என்ன சொல்லுவாரோ தெரியாது. ஆறுக்குட்டி கதவைத் திறந்தார், இழுத்தார், இறக்கினார். சுர்ர்.

துடைத்து வைத்ததும் தட்டை நான் எடுத்தேன். யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்தேன். கற்பூரம் ஏற்றினேன். மூன்று சுற்று. தட்டு கனம்.

மெஷினில் விட்டபோது யாரும் தகட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். நான்தான் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சுற்று போயிற்று. இரண்டாவது போயிற்று. எத்தனாவது சுற்றிலோ ஆறுக்குட்டி, "அக்கா, சேலையாட்ட வருதுங்க" என்றார். ஜெபமணி சார் வெளியே போய்ச் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்றுகொண்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

முதலாளிக்குப் போன் செய்தோம். "டாக்டர ஆடி முடிஞ்சதும் வந்து வேலை நிரந்தர ஆர்டர வாங்கிக்கச் சொல்லுங்க. ஆடியில ஆர்டர் குடுக்க மாட்டேன், மத்தபடி அவரு நம்ம ஆளு" என்றார்.

சாயங்காலம் கோபியிலிருந்து தெய்வானையக்கா கூப்பிட்டார். நன்றாக வந்தது என்றேன். தட்டு நான்தான் எடுத்தேன் என்றேன். "அதான பாத்தேன்" என்றார்.

"அபிஷேகம் யாரு அம்மிணி பண்ணுனது?"

"ஜெபமணி சாருங்க்கா."

அந்தப் பக்கம் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"குளிச்சுட்டு வந்தாரான்னு கேளு" என்றார்.

கேட்டேன். தலைக்கே குளித்தாராம்.